பதினாலாம் அறையில் பிடிபட்ட மருந்து

துன், சுவிஸ், வியாழக்கிழமை

என்ர இஞ்சாருங்கோவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் சுகமாய் இருக்க வேணும், பிறசர்க் குளிசையை ஒளிக்காமல் போட வேணும்.

எங்கட ஹோட்டலில இந்தக் கிழமை, நாளுக்கொரு ஓட்டமாய் நடக்கிற போட்டிக்கு வந்த கொலம்பியா நாட்டுச் சைக்கிள் ஓட்டக்காரர் தங்கியிருக்கினம். உங்களை மாதிரி ஏற்றம் கண்டவுடன இறங்கி உருட்டுறேல்லை, மலையில பறக்குதுகள். செவ்வாய்க்கிழமை அதில ஒருத்தன் முதலாவதாய் வந்தான். ஊக்க மருந்து போட்டவனோ எண்டு பாக்கிற ஆக்கள் வந்து அவன்ர மூத்திரத்தைப் போத்தலில வாங்கிக்கொண்டு போச்சினம். எங்கட சூப்பவைசர் மனுசிக்கு அது காணாது.

"அந்த ஏழை நாட்டான் மருந்தில்லாமல் எப்பிடி வெல்லுவான்?" எண்டு, நான் கூட்டிக்கொண்டிருந்த பதினாலாம் அறைக்குள்ள வந்து அவன்ர பையைக் கிண்டினாள். மண்ணிறக் கட்டி ஒண்டு கிடைச்சுது. பேப்பர்க்காரருக்குச் சொல்லப்போறன் எண்டு படமெடுத்தாள். நான் பறிச்சு ஒரு கடி கடிச்சன்.

"இது நாங்கள் பிளேன்டீக்குக் கடிக்கிற பனங்கட்டி மாதிரி, கரும்பில செய்தது" எண்டன்.

படத்தை அழிச்சாள். வெக்கப்படேல்லை. நேற்று அவன் நாப்பதாவதாய் வர, "பாத்தியோ, மருந்து முடிஞ்சிட்டுது" எண்டாள். வெண்டாலும் கள்ளன், தோத்தாலும் கள்ளன். அவளின்ர முகத்தைப் பாக்கவே எனக்கு அருவருப்பாய்க் கிடக்கு.

ரெண்டு கிலோ பனங்கட்டி அனுப்புங்கோ. தனிய இருந்து வெறும் தேத்தண்ணி குடிக்க இறங்குதில்லை. பார்சலில சாப்பாட்டுச் சாமான் எண்டு பெரிசாய் எழுதுங்கோ. இல்லாட்டி என்னட்டையும் போத்தலோட வருவினம்.

பஸ் வருது.

உங்கட
பவளம்