பார்க்காமல் போட்ட கையெழுத்து

அன்புள்ள குட்டிக்கு,

நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, அளவாகச் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் தேவலை, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் நொண்டுகிறார்.

சிரிப்பு அத்தை ஏன் நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று போனில் இரண்டு தடவை கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் காய்ச்சல்காரர்களின் ரத்த ஸ்லைடைப் பார்த்து ஒருவர் முடிவு எழுதினால், இன்னொருவரும் மைக்ரோஸ்கோப்பில் தானே பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருடமாக அத்தையும் நானும் அங்கே ஒரே மேசை. அவள் மாமியார் படுக்கையில் விழுந்ததிலிருந்து மதியமே வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. அவளுடைய ஸ்லைடுகளை நான் பார்க்க உட்கார்ந்தால், நேரமாகிறதே என்று அவள் முகம் சுருங்கிவிடும். "என் கண்ணு வேற உன் கண்ணு வேறயாடி, கையெழுத்தைப் போட்டுக் குடு" என்பாள். போட்டுக் கொடுத்தேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நான்கு மாதம். தோழிக்குத் தோள் கொடுக்கிறோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

போன மாதம் ஒரு தச்சருக்கு மலேரியா இல்லை என்று எழுதி அனுப்பினோம். பத்து நாள் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழைய ஸ்லைடை எடுத்து வைத்தேன். தேடவே வேண்டாம், அப்பிக் கிடக்கிறது கிருமி. அவள் பார்க்கவே இல்லை குட்டி. பெரும்பாலும் இல்லை என்றுதானே வருகிறது என்று, பாராமலே எழுதியிருக்கிறாள்.

தலைமை மருத்துவர் இருவரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார். அன்று மாலை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். சுளையை உரித்து என் கையில் வைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் பார்த்தோம், தெரியலைன்னு எழுதிடலாம். பாக்கலைன்னு சொன்னாத்தான் வேலை போகும். உனக்காக நான் எவ்வளவு செஞ்சிருக்கேன்" என்றாள். தச்சர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயிலிருந்ததை விழுங்க முடியாமல் போய்த் துப்பிவிட்டு வந்தேன். அவள் மேல் மட்டுமா அருவருப்பு? பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து, சாய்வாக, அழகாக.

நான் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த நான்கு மாத ஸ்லைடுகளையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன். அவள் செய்ததை அவள்தான் எழுத வேண்டும். திங்கட்கிழமை விசாரணை, வேலை போனாலும் போகும். தச்சர் எழுந்து உட்கார்கிறாராம், போய்ப் பார்க்க எனக்கு இன்னும் முகம் இல்லை.

உனக்கும் என்னைப் போல இளகின மனசு, அதனால்தான் சொல்கிறேன். நேரமோ உழைப்போ, சிநேகிதர்களுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடு. நீ பார்க்காத ஒன்றுக்கு உன் பெயரை மட்டும் கொடுக்காதே. அப்படிக் கேட்கிறவள் அதற்குமுன் எத்தனை தடவை உன்னைச் சிரிக்க வைத்திருந்தாலும் சரி.

கடைவாய்ப் பல்லை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டு, மாத்திரையை முழுங்கிவிட்டு நாளைக் கடத்தாதே. நிறைந்த ஆயுளோடும் தெளிந்த மனதோடும் நீ இருக்க வேண்டும், அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்.

அவள் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு ஆள் வேண்டும். நேற்று போனேன். கதவைத் திறந்து வழிவிட்டாள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அந்த அம்மாவைத் திருப்பி, முதுகைத் துடைத்துவிட்டு வந்தேன்.

என்றும் உன்
அம்மா