கொமரலிங்கத்திலிருந்து கொழுமம் வரை

28.11.2005, திங்கள்
நீதிமன்றத்தில் இரண்டு வாய்தா. மாலையில் மகள் தேவிப்பிரியாவின் திருமணப் பத்திரிகை மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. தை இருபத்தாறு முகூர்த்தம். 'தாய்மாமன்' என்ற இடம் காலியாக இருக்கிறது. செல்வக்குமார் மச்சான் எங்களோடு பேசி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவி சித்ரகலா சொல்லிவிட்டாள்: "எங்கண்ணன் கையப் புடிச்சுட்டுத்தான் எம்பட புள்ள மணவறைக்குப் போகோணும். வேற ஆரையும் மாமன்னு நிறுத்தீராதீங்க."

29.11.2005
நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். 2002இல் மாமனார் காலமானார். உயில்படி தென்னந்தோப்பில் இரண்டு ஏக்கர் சித்ரகலாவுக்கு. எல்லை வரப்பை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதித் தரும்படி மச்சானிடம் நேரில் கேட்டிருக்கலாம். கூச்சமாக இருந்தது. எனவே என் வக்கீல் அலுவலகத் தாளில் தட்டச்சு செய்து, 'கிடைக்கப்பெற்ற பதினைந்து தினங்களுக்குள்' என்று முடித்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால்காரர் அதைப் பால் சொசைட்டியில் வைத்து அவரிடம் கொடுத்தார். கேனோடு வரிசையில் நின்ற ஊரே பார்க்க, தங்கை கணவன் விட்ட வக்கீல் நோட்டீஸைக் கையெழுத்திட்டு வாங்கினார். அவர் அந்த எல்லையை ஒருநாளும் மறுத்ததில்லை.

சட்டப்படி என் மீது தவறில்லை. இதை மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் — யாரிடம்?

1.12.2005
நேரில் செல்வதென்று முடிவு. சித்ரகலா உடன் வர மறுத்துவிட்டாள். "செஞ்சது நீங்க. நீங்களே போங்க." பேச வேண்டியவற்றை மூன்று பத்திகளாக எழுதிக்கொண்டேன்.

4.12.2005, ஞாயிறு
மழை ஓய்ந்து அமராவதியில் வெள்ளம் தணிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கத்திலிருந்து கொழுமம் வரை பரிசலில் மெல்லப் போய்வருவது மச்சானுக்கும் எனக்கும் வழக்கமாக இருந்தது. இன்று கொமரலிங்கம் போனபோது வீட்டில் அவர் இல்லை. ஆற்றில், மீன்பிடிக்கும் நல்லானிடம் பரிசலை இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"வருசா வருசம் ஒத்தையாத்தான் போறாருங்க," என்றார் நல்லான் என்னிடம்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். "வாங்க மாப்ளை. வர்றதுன்னா ஏறுங்க."

ஏறினேன். நாணல் ஓரமாக ஆறு அவசரமின்றிப் போயிற்று. முதல் பத்தியைத் தொடங்கினேன்: "நடந்த விஷயத்தைப் பொறுத்தவரைக்கும் மச்சான்—" அவர் துடுப்பை என் கையில் கொடுத்தார்.

"வலிச்சுட்டே பேசுங்க."

எப்போதும் அவர் வலிப்பார், நான் அமர்ந்து வருவேன். ஒரே பக்கமாக வலித்தேன். பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"கேசு நடத்தற மாதிரியே வலிக்கறீங்க. சுத்துது, நகரக் காணோம்."

"ரெண்டு பக்கமும் மாத்திப் போடோணுங்களா?"

"இத்தன வருசம் உக்காந்து வந்தவருக்கு இது இப்பத்தான் தெரியுதாக்கும்."

தடுப்பணை வந்தது. அங்கே இறங்கி, பரிசலைக் கவிழ்த்து இருவர் தலையிலும் ஏற்றி, கரை வழியாகச் சுமந்து அணைக்குக் கீழே இறக்க வேண்டும். உள்ளே தாரும் மீனும் நாறின. முன்னால் நடந்த அவருடைய குதிகால்கள் மட்டுமே தெரிந்தன. எழுதிவைத்த மூன்று பத்திகளும் நினைவில் இல்லை.

"மச்சான், ஊரு முன்னால உங்களத் தலகுனிய வெச்சுட்டேன். தப்புங்க. உங்ககிட்ட வாய் திறந்து கேக்கக் கூச்சப்பட்டுட்டுத் தபாலுக்குப் பின்னால ஒளிஞ்சுட்டேன்."

குதிகால்கள் ஒரு கல்லைச் சுற்றிப் போயின.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா, வரப்ப உங்க பக்கம் ரெண்டடி சேத்தே போட்டிருப்பேன்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா அனுப்புனீங்க?" குதிகால்கள் நின்றன. பிறகு நடந்தன. "பாசி கெடக்குது. பாத்துக் கால வைங்க."

மீண்டும் நீரில் இறங்கிய பிறகு வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்: "கண்ணு தேவிப்பிரியாவுக்கு இப்ப என்ன கலரு சேல புடிக்குது?"

"அவிய அம்மாவத்தான் கேக்கோணுங்க."

"பெத்த புள்ளைக்குப் புடிச்சது தெரியல. வரப்பு மட்டும் அங்குலம் அங்குலமாத் தெரியும்." சிரித்தார். நானும்தான். உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள்.

திருமணத்திற்கு வருவீர்களா என்று கேட்கவில்லை. உறுதிமொழி வாங்காமல் ஓர் இடத்திலிருந்து எழுந்து வருவது எனக்குப் புதிது.

6.12.2005
அவர் பெயரோடு அச்சிடச் சொல்லிவிட்டேன். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் கையில் இல்லாமல் நான் வெளியிடும் முதல் தாள்.

15.12.2005
நாளை மார்கழி. கொமரலிங்கத்திலிருந்து தொலைபேசி இல்லை. சித்ரகலா கேட்கவில்லை, மணி அடித்தால் முதலில் அவளே போய் எடுக்கிறாள்.

22.1.2006, ஞாயிறு
மச்சான் வெள்ளிக்கிழமை வந்தவர், இன்னும் கிளம்பவில்லை. முகூர்த்தம் முடிந்துதான் ஊராம். காலையில் நான் இட்லிக்கு உட்கார்ந்திருக்கையில் முன்னறையில் அவர் குரல் கேட்டது. "மாப்ளைக்கு இப்ப நேரமில்லீங்க சாமி. ஊட்டுல கல்யாணம். தையி கழிச்சு வாங்க." வழக்குக்காக வந்த கட்சிக்காரர்கள் இருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் ஆட்சேபிக்கவில்லை.