கேட்டோரக் காகிதப்பூ

19 ஜனவரி 2025, ஞாயிறு

இன்றும் ஆராதனைக்கு நேரத்தோடு போனேன். கீபோர்டில் உட்கார்ந்தபோது சபை ஐயர் அங்கிகூட மாட்டவில்லை.

2023 கிறிஸ்துமஸை நான் மறக்கவில்லை. எதிர்வீட்டு பங்காருவின் கார் என் கேட்டை மறித்து நிற்க, மூன்று சக்கர வண்டியை வெளியே எடுக்க முடியாமல், சூம்பிய காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரோடு வாசலிலேயே நின்றேன். முப்பது வருஷத்தில் நான் வாசிக்காத ஒரே கிறிஸ்துமஸ். கேட்டால், “வேப்பமர நிழலு உங்க பக்கந்தானுங்களே டீச்சர்” என்றார். அதற்கு முன்பும் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்!

மறுவாரமே தொண்டாமுத்தூர் நர்சரியிலிருந்து இரண்டு காகிதப்பூச் செடி. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இப்போது ஆள் உயரம், கிளையெல்லாம் முள். கார் கிட்டே வருவதில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

தெருச் சங்கக் கூட்டம். பங்காரு காரில் விழுந்த கீறலைப் போனில் படம்பிடித்து வந்து எல்லோருக்கும் காட்டினார். செயலாளர் அழகிரிசாமி, “ஒரு பூவுங்கூட இல்லீங்களே டீச்சர். வெறும் முள்ளை எதுக்குங்க வளத்தறீங்க? வெட்டிப்போடுங்க” என்றார். மொத்தக் கூட்டமும் தலையாட்டியது.

எனக்கு வந்ததே கோபம்! “ஈஸ்டருக்குள்ள பூக்கும். பூக்கலைன்னா நானே வெட்டிப்போடறேன்” என்றுவிட்டேன்.

ஏன் சொன்னேன்? வெட்டினால் மறுநாளே கார் வந்து நிற்கும். பழையபடி நான் உள்ளே, வண்டி உள்ளே.

23 பிப்ரவரி

இலை. இலை. இலை.

11 மார்ச், செவ்வாய்

நர்சரிக்காரருக்குப் போன் செய்தேன். “தண்ணி காட்டாதீங்க அம்மணி, காயப்போட்டாத்தான் பூக்கும்” என்கிறார். நான் எங்கே காட்டினேன்? மாதக்கணக்காக ஒரு சொட்டு ஊற்றியதில்லை. பிறகு ஏன் இந்தக் கொழுப்பு இதற்கு?

12 மார்ச், புதன்

விடியற்காலையில் கேட்டருகே சத்தம். எட்டிப் பார்த்தால் பங்காருவின் மனைவி தெய்வாத்தாள், கையில் பக்கெட், செடி மூட்டில் எதையோ கொட்டுகிறாள். ஆசிட்டேதான் என்று நினைத்து, “ஏய்!” என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன்.

சாணித்தண்ணி! தன் வாசலைத் தெளித்துவிட்டு மிச்சத்தைத் தினமும் இங்கே ஊற்றியிருக்கிறாள். ஒரு வருஷமாக.

“அவுரு காரை வெச்சு உங்களைக் கோயிலுக்குப் போகவிடாமப் பண்ணிப்போட்டாருங்களே அக்கா. நானாச்சும் செடிக்கு நல்லது செய்யலாம்னுதானுங்க...”

சாணி போட்டால் இந்தச் செடியில் இலைதான் வரும், பூ வராது என்று சொன்னேன். அழுதுவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு வருஷமாக அந்த வீட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இப்படி ஒருத்தியா? காபி போட்டுக் கொடுத்தேன்.

6 ஏப்ரல்

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரே மழைக்கு ஏங்குகிறது, நான் வேண்டாம் என்று ஜெபிக்கிறேன். ஆண்டவர் என்ன நினைப்பாரோ. தூறலோடு போய்விட்டது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

இலை பாதி உதிர்ந்து செடி பரிதாபமாக நிற்கிறது. நுனியில் ஏதோ சிவந்திருக்கிறது. கொழுந்தா, பூவா? கண்ணாடியைப் போட்டுப் பார்த்தும் தெரியவில்லை.

பங்காரு தெருவில் நின்றபடியே, “அருவா வேணுங்களா டீச்சர்?” என்றார். “ஞாயித்துக்கெழமை இன்னும் வரலைங்க” என்றேன்.  

20 ஏப்ரல், ஈஸ்டர்

இருட்டோடு கிளம்பி அதிகாலை ஆராதனைக்குப் போனதால் செடியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம், அதுதான் உண்மை. ஏழு மணிக்குத் திரும்பினால் கேட்டருகே தெய்வாத்தாள். “அக்கா, வெரசா வாங்க!”

ஒரே ஒரு கொத்து. ரத்தச் சிவப்பு. தெருப்பக்கம் பார்த்து.

அழகிரிசாமியையே வீட்டிலிருந்து வரவழைத்துக் காட்டினேன். “ஒரு கொத்துத்தானுங்களே” என்று இழுத்தார். எத்தனை கொத்து என்று நான் சொல்லவே இல்லையே என்றேன்.

8 ஜூன், ஞாயிறு

இரண்டு செடியிலும் இலையே தெரியாமல் பூ. பங்காரு வேறு வழியில்லாமல் காரைத் தன் கேட்டுக்கு முன்னாலேயே, வெயிலில்தான் நிறுத்திக்கொண்டிருந்தார். இன்று அங்கேயும் இல்லை, தெருமுனையில் நிற்கிறது.

போன வாரம் தெய்வாத்தாள் என்னிடம் நடுவதற்குக் குச்சி கேட்டாள். நான்கு வெட்டிக் கொடுத்தேன். நேற்று அவற்றைத் தன் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நட்டுவிட்டாள்.

“வேர் புடிக்கற வரைக்குந்தான் தண்ணி” என்றேன்.

“தெரியுமுங்கக்கா. அப்புறம் காயப்போட்டுருவேன்” என்றாள்.