அன்று பிடித்த மூச்சு

அன்பு மகளுக்கு,

நீ கோபித்துக்கொண்டு போய் மூன்று மாதம் ஆகிறது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பாவை எடுத்த அன்று, "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே, உனக்கு நெஞ்சா கல்லாம்மா?" என்று கேட்டாய். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

பட்டாசு ஆலையில் அன்று வெடித்தது அப்பா வெடிமருந்து கலக்கும் அறைதான் என்று சத்தம் வந்த திசையிலேயே தெரிந்துவிட்டது. கால் அங்கே ஓடத் துடித்தது. என் ஷெட்டில் பதினொரு பெண்கள் கையில் திரியோடு அலறிக்கொண்டிருந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

"யாரும் ஓடாதீக. கையில இருக்கதைக் கீழ வச்சிட்டு என் பின்னால வாங்க."

என் குரல் நடுங்கவே இல்லை. அத்தனை பேரும் வேலியைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் அறை இருந்த இடத்தில் புகை மட்டுமே இருந்தது.

போன வாரம் மனநல டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, "எனக்கு ஏன் அழுகையே வரமாட்டேங்குது?" என்று கேட்டேன்.

"பதறுற நேரத்துல மனசை இழுத்துப் பிடிக்கிற சக்தி மூளைக்கு உண்டும்மா. அதுதான் அன்னிக்கு அம்புட்டுப் பேரையும் காப்பாத்துச்சு. நீங்க இன்னும் பிடியை விடலை," என்றார்.

எனக்கு விடத் தெரியவில்லை. விட்டால் என்ன ஆவேனோ என்று தனியாக இருக்கையில் பயமாக இருக்கிறது. ஒருநாள் வந்து என் பக்கத்தில் உட்கார். நீ இருந்தால் அழுதுவிடுவேன்.

உன் அம்மா