வில்லையை அனுப்பு, நீ வராதே

கோலார் கோல்ட் பீல்ட்ஸ்,
சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் தட்டி லைன்,
1901 ஆகஸ்டு மாதம்.

என் மகன் ஏசுபாதத்துக்கு அம்மா லூயிசா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அக்கா ஐடாவும் அவள் பிள்ளைகளும் உயிரோடும் கஞ்சியோடும் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் பெங்களூர்ப் பட்டாளத் தண்டில் வந்து இறங்கியதிலிருந்து பயமாக இருக்கிறது என்று நீயே கார்டில் எழுதிவிட்டாய், அதனால் கேட்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கோயிலில் வேதபாடத்தோடு கற்ற எழுத்து இது, கோணலாக இருந்தாலும் கூட்டிப் படித்துக்கொள். உன்னோடு பல்டனில் சேர்ந்த ராஜப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டு.

அன்று உங்களை ரயிலேற்ற வந்தவர்களை ஒருத்தர் விடாமல் சொல்லுவேன். நான் வந்தேன். ஐடா வந்தாள், இடுப்பில் சின்னவன் டேவிட். ராஜப்பாவின் அம்மா கிருஷ்ணம்மா வந்தாள், போன பொங்கலுக்கு என்னிடம் வாங்கிப்போன வெண்கலப் பானையைப் பற்றி அன்றும் வாய் திறக்கவில்லை. போதகர் வந்தார், அவர் ஜெபம் முடிப்பதற்குள் ரயில் கார்டு பச்சைக் கொடியை ஆட்டிவிட்டான். எல்லோருக்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கூப்பிடாமல் வந்து நின்றவன் தங்கவேலு கங்காணி. உன் கையில் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்தான், நீ வாங்கிக்கொண்டாய். வாங்கியிருக்க வேண்டாம். ரயில் நகர்ந்ததும் ஜன்னலில் தலையை நீட்டி, அம்மா, புடிக்கலன்னா வண்டி மாத்துற பௌரிங்பேட்டையிலயே எறங்கி வந்துடுவேன் என்று கத்தினாய். கிருஷ்ணம்மா சிரித்து, உம்புள்ள வாய்க்குப் பல்டன் தாங்காது லூயிசாக்கா என்றாள். நான் சிரிக்கவில்லை. உன் நைனா முதல்நாள் சுரங்கத்துக்குள் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்கும்போது இருந்த முகம் உனக்கு அன்று இருந்தது. இறங்கிவிடுவான் இவன் என்று அப்போதே நினைத்தேன்.

மறுநாள் காலையில் களி கிண்டிக்கொண்டிருக்கிறேன், தரை ஒரு உலுக்கு உலுக்கியது. அடுக்கின பானை உருண்டது, தட்டியில் அப்பியிருந்த மண் பொலபொலவென்று கொட்டியது. கீழே பாறை வெடித்திருக்கிறது என்று இந்த லைனில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பின்னாலேயே சங்கு பிடித்தது, நிற்கவே இல்லை. பெண்டுகள் எல்லாம் சுரங்கக் குழி வாய்க்கு, ஷாப்ட் பக்கம் ஓடினார்கள். ஐடா புருஷன் மேலே மில்லில் வேலை, நீ ரயிலேறிவிட்டாய், என் வீட்டு ஆம்பிளை ஒருத்தனும் கீழே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேதான் ஓடினேன், கால் கேட்டால்தானே. அங்கே வில்லைப் பலகைக்கு முன்னால் கூட்டம். எழுத்து தெரியாதவளுக்கும் அந்தப் பலகை படிக்க வரும். பித்தளை வில்லை தொங்கினால் ஆள் மேலே, ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே. கேஜ் ஏறி ஏறி வந்தது, ஏறினவன் எல்லாம் தன் தன் வில்லையை மாட்டினான், கடைசியில் மூன்றே ஆணி காலி. அதில் ஒன்று உன்னுடையது. உன் நைனாவுக்கு இருந்த அதே ஆணி. வேலைக்குச் சேரும்போதே அந்த நம்பர் வேண்டாமடா என்று தலையில் அடித்துக்கொண்டேன், நைனா நம்பர்தான் வேணும் என்று அடம்பிடித்து வாங்கினாய்.

கடைசி ஷிப்டு முடிந்த குஷியில் வில்லையை மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே ஓடி வந்து, குளித்துவிட்டு மத்தியான ரயிலைப் பிடித்தாய் என்பது இப்போது உன் கார்டைப் பார்த்துத்தான் தெரிகிறது. வில்லைப் பலகையைப் பார்த்துக்கொள்ளும் ஆர்தர் துரை, நீ வழக்கம்போல் அடுத்த ஷிப்டுக்கும் கீழேயே நின்றுவிட்டாய் என்று நினைத்தாராம். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆணி காலி, அவ்வளவுதான் தெரியும். பௌரிங்பேட்டையில் இறங்கி, என் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வீட்டுக்கு வராமல் நேராக ஷிப்டில் இறங்கிவிட்டாய் என்று நினைத்தேன். என் மகன் நேத்தே ரயிலேறிட்டான் என்று ஆர்தர் துரையிடம் சொன்னேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை. பக்கத்தில் நின்ற தங்கவேலு என் பக்கம் திரும்பி, நீ ஏத்தி உட்டே, சரி, அவன் பௌரிங்பேட்டையில எறங்கலன்னு நீ பாத்தியா என்று கேட்டான். ஆர்தர் துரை அவனைப் பார்த்து, கங்காணி, இன்னும் கல்லு விழுது, போவாதே என்றார். அவன், ஆணி காலியா கீதே தொரே என்று சொல்லிவிட்டு, தேடப் போகிறவர்களோடு கேஜில் ஏறிக்கொண்டான்.

உன் நைனா ஆபிரகாம் போன அன்றும் இப்படித்தான் சங்கு பிடித்தது. நீ அப்போது சின்னப் பையன். இதே தங்கவேலு, இதே பலகைக்கு முன்னால், கூட்டத்தைக் கலைக்க வேண்டும் என்பதற்காக, பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆபிரகாம் மேல வந்துட்டான், நீ இன்னாத்துக்கு நிக்கிறே, போய் சோறாக்கு போ என்றான். நான் நம்பினேன். போய் உலை வைத்தேன், கருவாட்டுக் குழம்பு கூட்டினேன். ருசியாக்கீதும்மா என்று நீ இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாய். நைனா தட்டை மூடி வைத்துக்கொண்டு, குளித்துவிட்டு வருவார், கள்ளுக்கடைப் பக்கம் போயிருப்பார், வரட்டும் பேசிக்கொள்கிறேன் என்று கோபமாக உட்கார்ந்திருந்தேன். பாறைக்கு அடியில் இருக்கிற மனுஷன்மேல் கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற பெண்டுகள் எல்லாம் அழுதுகொண்டு நின்ற இடத்தில் நிற்கிற பாத்தியதைகூட எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கருவாட்டுக் குழம்பு இந்த வீட்டில் வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்று நீ கேட்டதில்லை.

இந்தத் தடவை நான் நகரவில்லை. கிருஷ்ணம்மா தண்ணீர் கொண்டுவந்தாள், குடிக்கவில்லை. முதலில் இரண்டு பேரைத் தூக்கி வந்தார்கள், இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது, மூஞ்சி முழுக்க மண், அவர்கள் பெண்டுகள் விழுந்து கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வில்லையும் ஆணிக்கு வந்துவிட்டது. தேடப் போனவர்களை விட்டால் மிச்சம் உன் ஆணி ஒன்றுதான். போதகர் ஏதோ வசனம் சொன்னார், காதில் விழவில்லை. நான் என் பாட்டுக்கு, ஆண்டவரே, அவன் திரும்பி வராமல் போயிருக்க வேண்டும், பௌரிங்பேட்டையில் இறங்காமல் போயிருக்க வேண்டும், எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும் என்று இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில் சாயும்போது கடைசிக் கேஜில் தங்கவேலுவை ஏற்றினார்கள். கல் விழுந்து தோள்பட்டை நசுங்கி, கை துணி மாதிரி தொங்கியது. அவனைப் படுக்க வைக்கப் போனால் படுக்கவில்லை, என்னைத் தேடினான். உம்புள்ள கீழ இல்ல லூயிசா, ஒவ்வொரு சந்தா நானே பூந்து பாத்தேன், இல்ல என்றான். சொல்லிவிட்டுத்தான் மயங்கினான். கீழே இல்லை என்றானே தவிர, நீ எங்கே என்று யாருக்குத் தெரியும். உன் கார்டு வரும்வரை நான் சோற்றைப் பிசைந்து பிசைந்து டேவிடுக்கே ஊட்டிக்கொண்டிருந்தேன்.

கார்டில் நீ எழுதியிருப்பது, திங்கட்கிழமை டிரில் தொடங்குகிறது, ஹவில்தார் போடுகிற சத்தத்திலேயே கால் பின்னுகிறது, வில்லை சட்டைப் பையில் இருக்கிறது, வா என்று ஒரு வார்த்தை எழுதும்மா, அதைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுப் பழையபடி ஷிப்டுக்குப் போகிறேன் என்று. நானும் வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன் கண்ணு. பல்டனை எந்தச் சீமைக்குக் கப்பலேற்றுவார்களோ என்று எனக்குக் குலை நடுங்குகிறது. சுரங்கம் வெட்டவும் மருந்து வைத்துப் பாறை உடைக்கவும் பழகின பையன்கள் என்றுதான் நம் லைனில் ஆள் எடுத்தார்களாம், ஒரு குழியிலிருந்து ஏறினவனை இன்னொரு குழியில் இறக்கவா என் வயிற்றில் பிறந்தான் என்று அழுதேன். கிருஷ்ணம்மாவும் வந்து கூட உட்கார்ந்து அழுதாள். எம்புள்ளகிட்ட துப்பாக்கி குடுக்கறாங்களாமே அக்கா, அவன் கோழி அறுத்தாலே கண்ண மூடிக்கிறவனாச்சே என்றாள். துப்பாக்கியத் தூக்கத்தானேடி சொன்னாங்க, கோழிய அறுக்கவா சொன்னாங்க என்றேன். இரண்டு பேருக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷாப்ட் வாயில் நின்று வராதே வராதே என்று வேண்டிக்கொண்ட வாய் இது. ஆண்டவர் அதைக் கேட்டு உன்னைத் தூரத்தில் வைத்திருக்கும்போது, இப்போது வா என்று எழுதினால் அந்த ஜெபத்தை நானே அழித்ததாகிவிடும். அதனால் எழுதுகிறேன், வராதே. என் பயத்துக்காக நீ வர வேண்டாம், உன் பயத்துக்காகவும் வர வேண்டாம். பயம் இங்கேயும் இருக்கிறது, ஷிப்டுக்கு ஷிப்டு சங்கோடு சேர்ந்து ஊதுகிறது. அங்கே இருக்கிற பயத்துக்காவது மேலே வானம் இருக்கும்.

திங்கட்கிழமை சாப்பிடாமல் போகாதே. பூட்ஸ் கடித்தால் விளக்கெண்ணெய் தடவு, கொப்புளத்தைக் கிள்ளாதே. ஹவில்தார் கத்தினால் கத்தட்டும், வெடிமருந்துச் சத்தம் கேட்ட காது உன் காது, அவன் தொண்டை அதைவிடப் பெரியதா. எதிர்த்துப் பேசாதே, வாய் உனக்கு என் வாய். ராஜப்பாவுக்கு இடது கால் எது என்று குழப்பம் வரும், அவன் பக்கத்திலேயே நின்றுகொள், அவன் அழுதால் நீ சிரிக்காதே, நீ அழுதால் அவனிடம் சொல்லு. காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். உன் பெயர் வந்ததும் முனகாதே, வயிற்றிலிருந்து உரக்கச் சொல்லு. ஆள் எங்கே என்று கேட்டுப் பதில் வராத இடத்தில் நான் இரண்டு தடவை நின்றுவிட்டேன், மூன்றாவது தடவை நிற்க என்னால் ஆகாது.

இன்று காலை ஆர்தர் துரையிடம் போய், அந்த ஆணியைப் பிடுங்கிவிடுங்கள் தொரே என்று கேட்டேன். ரூல் இல்லியே அம்மா, வில்லை வந்தாத்தான் கணக்கு முடியும் என்றார். சரி, வில்லை வந்தால் பிடுங்குவீர்களா என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிடுங்குறேன் என்றார். அதனால் வில்லையைத் துணியில் சுற்றித் தைத்துத் தபாலில் அனுப்பு. நீ கொண்டுவராதே, வருகிற யார் கையிலும் கொடுக்காதே, தபாலில் அனுப்பு. உனக்கு இங்கே ஆணி கிடையாது, வீடுதான் உண்டு. லீவு வாங்கி, துணி மடித்து, நல்லபடியாக ரயிலில் வந்து இறங்கு, கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காக்கட்டும். உன் நைனா இருந்தால் வைக்கிற கையையும் சேர்த்து உன் தலையில் நானே வைக்கிறேன். ராஜப்பாவுக்கும் அப்படியே, அவன் சாமி எதுவோ அதுவும் பார்த்துக்கொள்ளட்டும். வில்லை மறக்காதே.

உன் வரவுக்கு அல்ல, உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
அம்மா லூயிசா

இதையும் எழுதிவிடுகிறேன். தங்கவேலுவுக்கு வலது கை இனி எழும்பாது என்கிறார்கள். பெண்சாதி இல்லாத மனுஷன், தினமும் நான்தான் கஞ்சி கொண்டுபோய்ப் புகட்டிவிட்டு வருகிறேன். நேற்று அவன் கண்ணில் தண்ணீரோடு, அன்னிக்கி நான் பலகைய பாக்கல லூயிசா, இன்னிக்காவது மனசு ஆறுச்சா என்று கேட்டான். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். போதகர் போன ஞாயிற்றுக்கிழமை, ஒருத்தரையும் விடாமல் மன்னியுங்கள் என்று பிரசங்கம் செய்தார், நானும் வீட்டுக்கு வந்து பெயர் பெயராகச் சொல்லி மன்னித்தேன். பானைக்காகக் கிருஷ்ணம்மாவை மன்னித்தேன், ஆர்தர் துரையை மன்னித்தேன், வில்லைக்காக உன்னையும் மன்னித்தேன். கஞ்சி நாளைக்கும் கொண்டுபோவேன், அவன் சாகிறவரைக்கும் கொண்டுபோவேன். ஆனால் ஒருத்தனை மன்னிக்க மாட்டேன். தங்கவேலு.