அடுத்த வருசம் ஊருக்கு

ஏப்ரல் 2, புதன்

காலையில் மழை, பிறகு பனி. சுவிஸில் இந்த எங்கடின் மலைப்பக்கம் வசந்தம் என்றால் சேறுதான். சீசன் முடிந்து ஹோட்டல் பூட்ட இன்னும் பதினொரு நாள். மெத்தை உறை எல்லாம் கழுவியாச்சு. திரைச்சீலை மிச்சம். வலது தோள் உளைவு.

பத்து மணிக்கு மனேஜர் கூப்பிட்டார். சலவை அறைக்கு ஒரு நிரந்தர வேலை வந்திருக்காம், சீசனோடு முடியாதது. ஏழு வருசமாக என்னோடு சலவையில் நிற்கிற போலந்துக்காரி பெயாட்டாவுக்குக் கொடுக்கலாமா, அவள் இந்த நாட்டில் நிற்பாளா என்று கேட்டார். அடுத்த வருசம் ஊருக்குப் போகிறேன் என்றுதான் எப்போதும் சொல்கிறாள் என்றேன். தம்பியின் மனைவி சுதா வேலை தேடுகிறாள் என்றும் சொன்னேன். அவர் கேட்காமலே.

பொய் இல்லை. பெ. அப்படிச் சொல்கிறவள்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

வெயில். இஸ்திரி மெஷின் பழுது. வாங்க: பருப்பு, தேங்காய்ப்பால், தோளுக்கு மருந்து.

சுதாவுக்கு வேலை சரி. தம்பி போனில் ஒரே நன்றி. பேச்சைச் சுருக்கிப் போனை வைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு.

நான் வந்து முப்பத்திரண்டு வருசம். ஊருக்குப் போறன், ஊருக்குப் போறன் என்று நானும்தான் சொல்கிறேன். கோயிலில், கலியாண வீட்டில், எங்கள் சனம் கண்டால் முதல் கதையே அதுதான். ஒருவரும் பெட்டி கட்டியதில்லை. அந்தப் பேச்சின் பெறுமதி எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் மனேஜரிடம் அப்படிச் சொன்னேன்.

ஏப்ரல் 7, திங்கள்

தேத்தண்ணி நேரம் பெ. மகளின் படம் காட்டினாள். பன்னிரண்டு வயது. பெ.யின் தங்கை வீட்டில் வளருகிறது. ஆகஸ்டில் இங்கே கூட்டிவர இருந்தாளாம். பள்ளிக்கூடமும் விசாரித்து வைத்தாளாம். எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டதும் இல்லை.

"நிரந்தர வேலை கிடைச்சிருந்தா வீடு எடுத்திருப்பன், அக்கா. வேறை ஆளைப் பிடிச்சிட்டினமாம். இனி என்னத்துக்கு நிக்க?"

அக்கா என்று கூப்பிடப் பழக்கியது நான்தான்.

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று மனேஜரிடம் படி ஏறினேன். என்னைக் கண்டதும் சுதாவின் வதிவிட பெர்மிட் போட்டோகொப்பி கேட்டார். நாளைக்குத் தருகிறேன் என்று இறங்கி வந்தேன். சீ. என்ன மனுசி நான்.

ஏப்ரல் 14, திங்கள்

ஹோட்டல் நேற்றுப் பூட்டியாச்சு. இன்று ஸ்டேசன். குளிர். பெ.க்கு இரண்டு பெட்டி, ஒரு பை. என் தோளுக்கென்று தன் ஊர்க் களிம்பு ஒரு டப்பா தந்தாள். வாங்கினேன்.

ஏன் போகிறாய் என்று சமையல்காரப் பெடியன்கள் கேட்டார்கள். மகள் தாயில்லாமல் வளருகிறாள், இப்போது அங்கேயும் சம்பளம் பரவாயில்லை, குளிர் அலுத்துவிட்டது என்றாள். எல்லாம் நல்ல காரணங்கள். என் பெயர் அதில் இல்லை.

சொல்லத்தான் போனேன். வாய் திறந்தும் விட்டேன். ரயில் வந்துவிட்டது. ஒரு கால் படியில் வைத்தபடி அவள் திரும்பிக் கேட்டாள்.

"நீங்கள் எப்ப அக்கா ஊருக்கு?"

"அடுத்த வருசம்" என்றேன்.