பைக்குள் பிடித்த காய்

ஜூன் 2, ஞாயிறு. வெள்ளிமலை.

காலையிலிருந்து தூறல். பஸ்ஸைத் தவறவிட்டோம். என் வீட்டுக்காரர் சாதிக்கின் ஸ்கூட்டரில்தான் மலையேறினோம். பிரேக் சரியில்லை என்று வழியெல்லாம் ஒரே புலம்பல்.

பை அவிழ்க்கும் நாள். ஏப்ரலில், என் ஆராய்ச்சி மரத்தின் பூக்கள் மொட்டாக இருக்கும்போதே, நானே ஏணியில் ஏறிக் கட்டிய துணிப்பைகள். வண்டு நுழைய முடியாத பூ காய்க்கக் கூடாது. பை காலி என்றால் என் வண்டுக்கு ஜெயம். இன்னொரு வருடம் செய்து உறுதிப்படுத்தினால் டாக்டர் பட்டம்.

காலி இல்லை. பாதிக்கு மேல் காய். பச்சையாக, கொத்துக் கொத்தாக. ஏணியிலேயே நின்று இரண்டு முறை எண்ணினேன். மழை வலுக்க, அவிழ்க்க நேரமில்லாமல் நூலைக் கத்தரியால் வெட்டிப் பைகளை எடுத்தேன். காய்த்த பை ஒரு கூடை, காலிப் பை ஒரு கூடை.

கீழே ஏணியைப் பிடித்தபடி சாதிக், "இன்னா, காய் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க."

"அப்போ முடிஞ்சுதா வேல?"

முடிந்தது. மூன்று கோடை வேலை, ஒரே மழையில்.

ஜூன் 3, திங்கள். கள்ளக்குறிச்சி.

மேகமூட்டம். எஸ்.டி.டி. பூத்தில் கூட்டம். கைடு சாரிடம் சொல்லிவிட்டேன்.

"விடும்மா. தன் மகரந்தமே போதும்னு எழுதிடு. வண்டு அத்தியாயம் வேணாம். மரத்தையும் பழைய புத்தகத்துல இருக்கற மாதிரி நெட்டிலிங்கத்தோடயே வச்சிடு."

சீத்தா, நெட்டிலிங்கம், மனோரஞ்சிதம், எல்லாம் ஒரே குடும்பம்தான். ஆனால் என் மரம் மனோரஞ்சிதத்தின் பங்காளி. பூவைப் பார்த்தால் தெரியும். தடித்த இதழ்கள் கூடி உள்ளே ஒரு சின்ன அறை. புளித்த பழ வாசம். வண்டுக்குத் தங்க இடமும் தின்ன இதழும். இதைச் சொல்லத்தான் இத்தனை அலைச்சல்.

சாப்பிடவில்லை. மரத்தின் மேல் கோபம். மரம் ஏமாற்றிவிட்டது என்று அழுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன். மாமி, சாதிக்கின் அம்மா, எட்டிப் பார்த்து, "பூவுக்கெல்லாம் பர்தா போட்டியே, அல்லா பாத்துக்கினு சும்மாவா இருப்பான்?" சிரிப்பு வந்துவிட்டது. சாதிக் சிரிக்கவில்லை. சாயங்காலம் அல்வா வாங்கி வந்தார். எனக்கு மட்டும்.

வாங்க: மிளகாய்த்தூள், பிரேக் கேபிள், மாமிக்கு முட்டிவலித் தைலம்.

ஜூன் 5, புதன்.

நல்ல வெயில். ஒன்று உறுத்துகிறது. இந்தப் பூ முதல் நாள் பெண், மறுநாள் ஆண். மகரந்தம் உதிரும்போது அதே பூவின் சூல்முடி காய்ந்து கிடக்கும். தன் மகரந்தம் தனக்கே உதவாது. வேறு பூவிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். எறும்பா? பையில் ஓட்டையா?

ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பையாகப் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை.

ஜூன் 8, சனி.

பைகளைத் துவைக்க எடுத்தேன். நான் வெட்டிய இடத்தில்தான் நூல் அறுந்திருக்கிறது, முடிச்சு அப்படியே. காலிப் பைகளில் என் முடிச்சு, பல்லால் கடித்தாலும் வராது. காய்த்த பைகளில் வேறு முடிச்சு. சுருக்கு விட்டு, ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி. இவர் ஜவுளிக்கடையில் புடவைப் பார்சல் கட்டுவது இப்படித்தான். யோசிக்காமலே கை போடும்.

பைகளைத் திரும்பக் கூடையில் போட்டேன். துவைக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு.

அம்மா வீடு என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் வெள்ளிமலை. மரம் நிற்பது சின்னப்பொண்ணு அக்காவின் கொல்லையில். சாமை விதைக்க ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வூட்டுக்காரரு வந்தாருங்க டீச்சர். பரீச்ச டூட்டின்னு நீங்க வரலியே, அப்போ. ரெண்டு வாட்டி. ஏணி கேட்டாரு. பைய அவுத்து அவுத்து பூவத் தடவிக்கினு இருந்தாரு. நீங்க சொல்லித்தான்னு நெனச்சேன்."

"எதாலக்கா?"

"சின்ன பிரஷ்ஷு."

பிரஷ் என்னுடையது. வித்தையும் என்னுடையது. போன வருடம் இதே மரத்தடியில் ஃபிளாஸ்க் டீ குடித்தபடி, இரண்டாம் நாள் பூவில் எடுத்து முதல் நாள் பூவில் தடவினால் வண்டே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டார். இதழுக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாது என்பவர். நான் தடவிப் பார்த்த பூக்களில்கூட இவ்வளவு பிடித்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் யாரோ வாந்தி. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

ஜூன் 10, திங்கள்.

புழுக்கம். மத்தியானம் இவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பையை, முடிச்சு தெரிய, வைத்தேன். மறுக்கவில்லை.

"எதுக்குங்க?"

"காலியா இருந்தா இன்னொரு வருஷம்னு சொன்ன. காய் வந்துட்டா இத்தோட முடிஞ்சிடும்னு நெனச்சேன். கடைக்கு வர்றவன்லாம் கேக்கறான், ஷமீம். உன் பொண்டாட்டி மரம் ஏறிக்கினு இருக்காளாமேன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வுட்டுடுவியா நீ?"

விடமாட்டேன்தான். அதற்காக? வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அழுதிருப்பேன், தீர்ந்திருக்கும். இவர் வண்டி ஓட்டினார், ஏணி பிடித்தார், என் கண்ணைப் பார்த்து "காய் வந்துடுச்சா" என்று கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மரத்தைப் போய்த் திட்டினேனே.

ஜூன் 11, செவ்வாய்.

மழை. மறுபடி பூத். பைகளை யாரோ பிரித்திருக்கிறார்கள் என்றேன். "யாரும்மா?" என்றார் சார். தெரியவில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

"அப்போ முழு சீசனும் மொதல்லேர்ந்து பண்ணணும்."

பண்ணுவேன். பூ இனி சித்திரையில்தான். அதுவரை இதே வீடு, இதே மனிதர், மூன்று வேளையும் தட்டு வைக்க வேண்டும். இன்று வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.